உபுண்டு 22.04: குனிகார்ன் ஓடுகிறது, ஆனால் என்ஜின்எக்ஸில் 502 வருகிறது

கேள்வி:
வணக்கம் நண்பர்களே. அப்பாவின் அரிசி மண்டிக்காக ஜாங்கோவில் (பைத்தான் வெப் ஃப்ரேம்வொர்க்) ஒரு ரசீது ஆப் எழுதி வைத்திருக்கிறேன். பிரவுசர் கேட்பதை என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் வாங்கி, ஆப்பை ஓட்டும் குனிகார்னிடம் ஒரு சாக்கெட் ஃபைல் வழியாகக் கொடுக்கிறது. பழைய சர்வர் உபுண்டு 20.04, இரண்டு வருடமாக ஒரு தொந்தரவும் இல்லை. போன வாரம் 22.04 போட்ட புது சர்வருக்கு மாறினேன். கான்ஃபிக்கில் ஒரு வரிகூட மாற்றவில்லை, ஆனால் பிரவுசரில் 502 பேட் கேட்வே. குனிகார்ன் சர்வீஸ் 'ஆக்டிவ்' என்று பச்சையாகத்தான் இருக்கிறது. சாக்கெட் ஃபைல் என் ஹோம் ஃபோல்டருக்குள், ப்ராஜெக்ட் ஃபோல்டரிலேயே இருக்கிறது. நான் சர்வரில் லாகின் செய்து கர்ல் கமாண்ட் அடித்தால் அதே சாக்கெட்டிலிருந்து பக்கம் வருகிறது. சாக்கெட்டுக்கு 777 (எல்லோருக்கும் முழு அனுமதி) கொடுத்தும் பார்த்துவிட்டேன். மூன்று நாளாக மண்டியில் கார்பன் தாள் வைத்துக் கையால் எழுதுகிறார்கள். உதவுங்கள்.

பதில் 1:
502 வந்தால் என்ஜின்எக்ஸ் உயிரோடுதான் இருக்கிறது. பின்னால் இருக்கும் ஆப்பிடமிருந்து அதற்குச் சரியான பதில் கிடைக்கவில்லை. எரர் லாக்கில் கடைசி வரியைப் பாருங்கள், ஒரு எண் இருக்கும். 2 என்றால் சாக்கெட் ஃபைலே அங்கே இல்லை. 111 என்றால் ஃபைல் இருக்கிறது, கேட்க ஆள் இல்லை. 13 என்றால் அனுமதிச் சிக்கல்.

கேட்டவர்:
13 அண்ணா. பெர்மிஷன் டினைட்.

பதில் 2:
அப்போ உங்கள் ஹோம்தான் காரணம். உபுண்டு 21.04 முதல் புதிதாக உருவாகும் ஹோம் ஃபோல்டரின் அனுமதி 750, அதாவது வெளியாட்கள் நுழைய முடியாது. முன்பு 755, யாரும் நுழைந்து பார்க்கலாம். என்ஜின்எக்ஸ் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா என்ற பயனராக ஓடுகிறது. சாக்கெட்டை எட்ட, வழியில் இருக்கும் ஒவ்வொரு ஃபோல்டரிலும் நுழைய அதற்கு உரிமை வேண்டும். தெருக்கதவு பூட்டியிருக்கும்போது உள்ளறையைத் திறந்து போட்டு என்ன பயன்? கர்ல் அடித்தது வீட்டுக்காரரான நீங்கள், அதனால் உங்களுக்குத் திறந்தது.

ஹோமை மறுபடி 755 ஆக்கச் சிலர் சொல்வார்கள். வேலை செய்யும்தான், ஆனால் செய்யாதீர்கள். டேட்டாபேஸ் பாஸ்வேர்டு இருக்கும் செட்டிங்ஸ் ஃபைல் உள்ளேதானே இருக்கிறது!

சாக்கெட்டை வெளியே கொண்டுவந்துவிடுங்கள். குனிகார்னைக் கிளப்பும் சிஸ்டம்டி சர்வீஸ் ஃபைலில் 'ரன்டைம்டைரக்டரி' என்று ஒரு வரி சேர்த்து, அதற்கு 'மண்டி' என்று பெயர் கொடுங்கள். சர்வீஸ் கிளம்பும்போது 'ரன்' ஃபோல்டருக்குள் அந்தப் பெயரில் ஒரு ஃபோல்டரை அதுவே உருவாக்கிக்கொள்ளும். கையால் உருவாக்காதீர்கள், ரீபூட் ஆனதும் காணாமல் போய்விடும். அப்புறம் குனிகார்னின் பைண்ட், என்ஜின்எக்ஸின் ப்ராக்ஸி பாஸ் என்ற இரண்டு வரிகளிலும் சாக்கெட்டின் புதுப் பாதையைப் போட்டு, சிஸ்டம்டிக்கு டீமன் ரீலோட் கொடுத்து, குனிகார்ன், என்ஜின்எக்ஸ் இரண்டையும் ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

கேட்டவர்:
502 போய்விட்டது! ஆனால் பக்கம் வெறும் எழுத்தாக வருகிறது. பக்கத்தின் தோற்றத்துக்கான சிஎஸ்எஸ் ஃபைல்களுக்கு 403 (அனுமதி இல்லை).

பதில் 2:
அதே கதவுதான். சிஎஸ்எஸ் இருக்கும் ஸ்டாட்டிக் ஃபோல்டரும் ஹோமுக்குள் இருக்கும், பாருங்கள். ஸ்டாட்டிக் ரூட்டை 'வார்' ஃபோல்டரில் 'டபிள்யூடபிள்யூடபிள்யூ'வுக்குள் மாற்றி, ஃபைல்களை அங்கே சேர்க்க ஜாங்கோவின் கலெக்ட்ஸ்டாட்டிக் கமாண்டை ஓட்டுங்கள். என்ஜின்எக்ஸ் கான்ஃபிக்கில் ஏலியாஸ் வரியையும் மாற்ற மறக்காதீர்கள்.

கேட்டவர்:
வந்துவிட்டது அண்ணா. ரீபூட் செய்தும் பார்த்தேன், தானாகவே எழுந்துகொண்டது. ரொம்ப நன்றி. காலையில் அப்பா முதல் ரசீதைப் போட்டார், பொன்னி 14 மூட்டை.