நன்றாக எழுதினால் கூகுள் தேடலில் ரேங்க் தானாக வரும் என்கிறார்களே, அது உண்மையா?

கரிசல்காடு கேட்டது:

வாசகருக்குப் பயன்படும்படி எழுதுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்ற தொனியில்தான் கூகுள் பல வருடங்களாகப் பேசுகிறது. ஆனால் ஹவுஸ்ஃப்ரெஷ் என்ற சின்னத் தளத்துக்கு நடந்ததைப் படித்ததிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை. ஏர் பியூரிஃபையர்களைச் சோதித்து எழுதுகிற தளம் அது. கருவியை ஓர் அறைக்குள் வைத்து, ஊதுபத்தி கொளுத்திப் புகையை நிரப்பி, காற்று சுத்தமாக எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று மீட்டர் வைத்து அளப்பார்கள். தேடலில் எங்களுக்கு மேலே நிற்பவை பெரிய பத்திரிகைகளின் "சிறந்த பத்து" பட்டியல்கள், அவற்றில் பலவற்றில் சோதித்ததற்கான தடயமே இல்லை என்று 2024 பிப்ரவரியில் அவர்கள் விரிவாக எழுதினார்கள். அடுத்த சில மாதங்களில் தேடல் வழியாக வந்த வாசகர்களில் பெரும்பகுதி போய்விட்டது.

மெனக்கெட்டவர் கீழே, பெயர் உள்ளவர் மேலே. இது தெரிந்தே செய்வதா, அல்காரிதத்தின் கோளாறா?

தறிச்சத்தம் எழுதியது:

பெரும்பாலும் கோளாறுதான், ஆனால் அடித்தளத்திலேயே இருக்கிற கோளாறு. 1998-இல் ஸ்டான்ஃபோர்டில் லாரி பேஜும் செர்கே பிரின்னும் கொண்டுவந்த யோசனை, ஒரு பக்கத்துக்கு வரும் லிங்க்கை ஓட்டு மாதிரி எண்ணுவது. எல்லா ஓட்டும் சமமில்லை, ஏற்கெனவே செல்வாக்குள்ள பக்கம் போடுகிற ஓட்டுக்கு எடை அதிகம். இன்று அதோடு எத்தனையோ சேர்ந்துவிட்டன, ஆனாலும் பெயருள்ளவருக்கே மேலும் பெயர் சேரும் அந்தப் போக்கு மாறவில்லை.

ஊதுபத்தி கொளுத்தியது இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்? "நாங்கள் சோதித்தோம்" என்று இரண்டு பக்கத்திலும் எழுதியிருக்கும். எது உண்மை என்று அதனால் போய்ப் பார்க்க முடியாது, அதனால் தளத்தின் செல்வாக்கை வைத்து முடிவு செய்கிறது. இதைப் புரிந்துகொண்டுதான் சில பெரிய பத்திரிகைகள் தங்கள் தளத்தில் ஒரு பகுதியை வெளியாருக்குக் கொடுத்து, கூப்பன், கடன் அட்டை, மெத்தை என்று என்னென்னவோ எழுதவிட்டுக் காசு பார்த்தன. இதற்கு எதிராக கூகுள் விதி அறிவித்ததே 2024 மார்ச்சில்தான். அதற்குள் எத்தனை சின்னத் தளங்கள் மூடியிருக்கும்!

உப்பளம் எழுதியது:

எல்லாவற்றையும் கோளாறு என்று விட்டுவிட முடியாது. தன் கடைச் சரக்கை முன்னால் வைப்பதும் நடந்திருக்கிறது, தீர்ப்பே வந்திருக்கிறது.

பிரிட்டனில் ஒரு தம்பதி 2006-இல் ஃபவுண்டெம் என்ற விலை ஒப்பீட்டுத் தளத்தைத் தொடங்கினார்கள். சில நாட்களிலேயே கூகுளில் எங்கோ அடியில் போய்விட்டது, மற்ற தேடுபொறிகளில் நன்றாகவே வந்துகொண்டிருந்தது. அவர்களும் வேறு சிலரும் கொடுத்த புகார்களில் ஐரோப்பிய ஆணையம் 2017-இல் 242 கோடி யூரோ அபராதம் போட்டது. கூகுள் தன் சொந்த விலை ஒப்பீட்டுச் சேவையை மேலே வைத்துவிட்டு, போட்டியாளர்களைக் கீழே தள்ளியது என்பதுதான் குற்றச்சாட்டு. ஆணையம் சொன்ன கணக்கைப் பாருங்கள்: கணினியில் தேடும்போது 95 சதவீத கிளிக்குகள் முதல் பக்கத்துப் பத்து முடிவுகளுக்கே போகின்றன, இரண்டாம் பக்கத்தின் முதல் முடிவுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 1 சதவீதம். போட்டியாளர்களில் முன்னணியில் இருந்தவரே சராசரியாக நான்காம் பக்கத்தில்தான் இருந்தார். அதற்குப் பிறகு அங்கே எதை விற்பது? மேல்முறையீடெல்லாம் முடிந்து அபராதம் உறுதியானது 2024 செப்டம்பரில். 2006-இலிருந்து எண்ணிப் பாருங்கள்.

நம் பக்கத்திலும் உண்டு. சென்னையின் மேட்ரிமோனி.காம் நிறுவனமும் ஒரு நுகர்வோர் அமைப்பும் 2012-இல் கொடுத்த புகார்களின் மேல் இந்தியப் போட்டி ஆணையம் 2018-இல் கூகுளுக்குச் சுமார் 136 கோடி ரூபாய் அபராதம் விதித்தது.

மழைக்கணக்கு எழுதியது:

கோபம் நியாயம்தான், ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. முதல் பக்கத்தில் இடம் பத்து, கேட்பவர்கள் ஆயிரக்கணக்கில். யாரை வைத்தாலும் மற்றவர்களுக்கு அநியாயமாகத்தான் தெரியும். யாரை மேலே வைப்பது என்ற ரகசியத்தைத் திறந்துவிட்டால் முதலில் உள்ளே வருவது ஏமாற்றுக்காரர்கள். 2010 பண்டிகை சீசனில் ஜேசி பென்னி என்ற அமெரிக்கக் கடை, உடையிலிருந்து தரைவிரிப்பு வரை எதைத் தேடினாலும் மேலே வந்தது. சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களில் அதற்கு லிங்க் நட்டிருந்தார்கள். நியூயார்க் டைம்ஸ் வெளிக்கொண்டுவந்த பிறகுதான் கூகுள் கீழே இறக்கியது. ரகசியமாக இருக்கும்போதே இந்தக் கூத்து என்றால், விதிகளை வெளியே வைத்தால்?

கரிசல்காடு எழுதியது:

மழைக்கணக்கு, விதி முழுவதையும் வெளியிடச் சொல்லவில்லை. கூகுள் ஊழியரே தளத்தைப் பார்த்துத் தண்டித்தால், தளம் நடத்துபவர்களுக்காக கூகுள் வைத்திருக்கும் சர்ச் கன்சோலில் அறிவிப்பு வருகிறது, சரிசெய்துவிட்டு மறுபரிசீலனை கேட்கலாம். அல்காரிதம் தள்ளினால் அறிவிப்பும் கிடையாது, கேட்க வழியும் கிடையாது. தளம் பாதாளத்தில் கிடக்கும், கன்சோலில் அந்த அறிவிப்புப் பக்கத்தைத் திறந்தால் பிரச்சினை எதுவும் இல்லை என்று பச்சை டிக் நிற்கும். லிங்க் வாங்கிப் பிடிபட்டவருக்கு மேல்முறையீடு உண்டு, ஒரு தப்பும் செய்யாதவருக்கு இல்லை. இதை எப்படி ஏற்றுக்கொள்வது?

கீழே தள்ளியதற்குக் காரணம் லிங்க்கா, உள்ளடக்கமா, தளத்தின் மேல் நம்பிக்கைக் குறைவா என்று ஒரே ஒரு வரி சொன்னால் போதும். அந்த ஒரு வரியை வைத்து ஏமாற்றுக்காரர் என்ன செய்துவிட முடியும் என்று நினைக்கிறீர்கள்? இதற்கு உங்கள் பதில் எனக்கு உண்மையாகவே வேண்டும்.