அவசரம்: ஸ்ட்ரெட்ச் பண்ணினா கார்னர் வளைவு கோணிக்குது

கவர்பிளேட்77
டிராயிங்ல இருக்கற கவர் பிளேட்டை நீளமாக்கணும். ஸ்ட்ரெட்ச் பண்ணினா வலது பக்கத்து கார்னர் ரெண்டும் கோணிக்கிட்டு வெளியே தள்ளுது, ரேடியஸும் போச்சு. ஸ்கேல் பண்ணிப் பார்த்தா துளையெல்லாம் முட்டையாகுது. சாயங்காலம் லேசர் கட்டிங்குக்கு ஃபைல் போகணும். யாராவது சொல்லுங்க ப்ளீஸ்.

பென்சில்முனை
எந்த சாஃப்ட்வேர்? பிளேட் அளவு என்ன, எவ்வளவு நீட்டணும்? சுத்துக்கோடு ஒரே பாலிலைனா (எல்லாத் துண்டும் சேர்ந்த ஒரே கோடு), இல்ல தனித்தனி லைனும் ஆர்க்குமா? துளைகள் பிளாக்கா, அதாவது ஒண்ணா கட்டின ஒரே தொகுப்பா? இதெல்லாம் இல்லாம எப்படிச் சொல்றது?

ஷீட்மெட்டல்_தம்பி
ரீஜென் (திரையை மறுபடி வரையற கமாண்ட்) அடிச்சுப் பாருங்க ப்ரோ. சரியாகலேன்னா வளைவு எவ்வளவு வழுவழுப்பா தெரியணும்ங்கற வியூரெஸ்ஸை 20000 வைங்க. எனக்குத் தெரிஞ்சு வளைவு பிரச்சனைன்னா பத்துல எட்டு இதுதான்.

பென்சில்முனை
அது வட்டம் பலகோணமா தெரியும்போது. இவர் ரேடியஸே மாறிடுச்சுங்கறார். லிஸ்ட் கமாண்ட் அடிச்சு ரேடியஸைப் பார்த்தா டிஸ்ப்ளே கோளாறா, வடிவமே கெட்டுதான்னு தெரிஞ்சுடும்.

கவர்பிளேட்77
ஆட்டோகேட் 2021. 600 x 400 பிளேட், 650 ஆகணும். கார்னர் ரேடியஸ் 30. பாலிலைன்தான். துளை 6, விட்டம் 12, ஒரே பிளாக். கோடித் துளைகள் விளிம்புல இருந்து 40ல. லிஸ்ட்ல ரேடியஸ் 60.42னு காட்டுது. எங்கிருந்து வந்துச்சுன்னே புரியல.

குறுக்குக்கோடு
தம்பி, கமாண்டைப் போடறதுக்கு முன்னாடி அது எதை நகர்த்தும், எதை விட்டுடும்னு ஒரு தடவை படிச்சிருந்தா இந்த இழையே தேவைப்பட்டிருக்காது. இருந்தாலும் சொல்றேன்.

பாலிலைன் வளைவுக்கு ரேடியஸ்னு எதுவும் சேமிச்சு வைக்கறதில்லை. ரெண்டு முனைப்புள்ளி, பல்ஜ்னு ஒரு எண், அவ்வளவுதான். வளைவு தாங்கற கோணத்துல கால் பங்குக்கு டான் எடுத்தா அதுதான் பல்ஜ். 90 டிகிரி கார்னருக்கு டான் 22.5, அதாவது 0.4142. உங்க கிராஸிங் விண்டோ (வலமிருந்து இடமா இழுக்கற தேர்வுப் பெட்டி, உள்ளே விழற புள்ளி மட்டும்தான் நகரும்) வளைவுக்கு நடுவுல வெட்டியிருக்கு. இடது கீழ் மூலையை (0,0)ன்னு வெச்சுக்குங்க. (600,30) உள்ளே விழுந்து (650,30)க்குப் போச்சு, (570,0) வெளியே இருந்ததால அங்கேயே நின்னுடுச்சு. பல்ஜ் மாறாது, அதனால கோணம் 90 டிகிரியேதான். ஆனா நாண் 42.43ல இருந்து 85.44 ஆயிடுச்சு. அதை ரூட் 2ஆல வகுத்துப் பாருங்க, 60.42 வரும். ரெண்டு பக்கமும் நேர்கோட்டோட மடங்காம சேர்ற டேஞ்சென்ட் 24 டிகிரிக்கு மேல உடைஞ்சிருக்கும். வளைவு கீழ் விளிம்புக்குக் கீழே 5.4 மி.மீ. தொங்கும், மேலேயும் அதே கதை. மொத்த உயரம் 400 இல்ல, கிட்டத்தட்ட 411.

நட்டுபோல்ட்
கணக்கு சரிதான், ஆனா அவருக்கு வேண்டியது வழி. இப்படிப் பண்ணுங்க அண்ணா.

ஸ்ட்ரெட்ச் பண்ணினதை அன்டூ பண்ணிட்டு எஃப்8 போட்டு ஆர்த்தோ (கிடையா, செங்குத்தா மட்டும் நகர்த்தற மோடு) ஆன் பண்ணுங்க. ஸ்ட்ரெட்ச் கொடுத்து வலமிருந்து இடமா விண்டோ இழுங்க: (700,450)ல ஆரம்பிச்சு (450,-50)ல விடுங்க. விண்டோவோட இடது ஓரம் மேல் கோட்டையும் கீழ் கோட்டையும் நேரான பாகத்துல மட்டும்தான் வெட்டணும். அப்போ வளைவோட ரெண்டு முனையும் உள்ளே வந்துடும், வளைவு உருக்குலையாம முழுசா நகரும். பேஸ் பாயின்ட் எங்கே வேணா கிளிக் பண்ணி, மவுஸை வலப்பக்கம் நகர்த்தி 50 என்டர்.

அன்டூ பண்ண முடியாதபடி ஃபைலை மூடிட்டீங்கன்னா, ஃபில்லெட் (கார்னரை வளைவாக்கற கமாண்ட்) கொடுத்து ரேடியஸ் 30 வெச்சு, கெட்ட வளைவுக்கு ரெண்டு பக்கமும் இருக்கற நேர்கோடுகளைத் தொடுங்க. ஒரே பாலிலைன்ல லைன், ஆர்க், லைன்னு இருந்தா பழைய ஆர்க்கைத் தூக்கிட்டு புதுசு போட்டுடும்.

ஷீட்மெட்டல்_தம்பி
துளை முட்டையானதுக்கு?

நட்டுபோல்ட்
பிளாக்குக்கு எக்ஸ் ஸ்கேல் மட்டும் 1.0833 கொடுத்திருப்பார் (650/600). 12 மி.மீ. துளை 13 x 12 ஆயிருக்கும். எக்ஸ்ப்ளோட் பண்ணினா, அதாவது பிளாக்கைத் தனித்தனியா பிரிச்சா, அது நீள்வட்டம்தான், வட்டம் திரும்பி வராது.

முட்டையை விட பெரிய சிக்கல் இடம். விளிம்புல இருந்து 40ல இருந்த துளை 43.33க்குப் போயிருக்கும், கோடித் துளைகளோட பிட்ச் (மையத்துக்கு மையம் தூரம்) 520ல இருந்து 563.33 ஆயிருக்கும். வரவேண்டியது 570. போல்ட் ஏறவே ஏறாது.

அதனால ப்ராப்பர்ட்டீஸ்ல ஸ்கேல் எக்ஸை 1க்குத் திருப்புங்க. அப்புறம் எக்ஸ்ப்ளோட். அதுக்குப் பிறகுதான் மேலே சொன்ன ஸ்ட்ரெட்ச். வட்டத்தோட மையம் விண்டோவுக்குள்ள இருந்தா ஸ்ட்ரெட்ச் அதை நீட்டாம நகர்த்த மட்டும் செய்யும், 560ல இருக்கற துளைகள் 610க்குப் போயிடும். நடுத் துளை 300லயா? அப்படின்னா அதைத் தனியா 25 மூவ் பண்ணணும்.

பழைய_டிஎக்ஸ்எஃப்
இவ்வளவு சுத்த வேண்டாம். ஆர்12 டிஎக்ஸ்எஃப்பா (ஆட்டோகேட்டோட பழைய ஃபைல் ஃபார்மட்) சேவ் பண்ணி அனுப்புங்க. அதுல நீள்வட்டமே கிடையாது, மெஷின் மறுக்காம எடுத்துக்கும்.

பென்சில்முனை
எடுத்துக்கும், தப்பான துளையை வெட்டியும் தரும். ஆர்12ல நீள்வட்டம் இல்லாததாலதான் அதைப் பாலிலைனா உடைக்கும். வடிவம் அதே 13 x 12, ஆனா நீள்வட்டமான்னு தேடினா கிடைக்காது. தப்பை மறைக்கற வேலை இது.

பழைய_டிஎக்ஸ்எஃப்
ஆர்12 தப்பான ஃபார்மட் இல்லீங்க. பழைய மெஷின் கன்ட்ரோலர் பலதுக்கு அதுதான் ஒத்துவரும். நல்ல ஆர்க், வட்டம் எல்லாம் அதுல அப்படியே நிக்கும், பல்ஜும் போகாது.

குறுக்குக்கோடு
நிக்கும், யூனிட் நிக்காது. ஆர்12 ஹெட்டர்ல இன்ச்சா மி.மீ.யான்னு சொல்ற இன்ஸ்யூனிட்ஸ் கிடையாது. வாங்கறவன் இன்ச்சுன்னு திறந்தா 25.4 மடங்கு.

பழைய_டிஎக்ஸ்எஃப்
அதுக்குத்தான் ஃபைல் பேர்லயே மி.மீ.னு எழுதறது. ஃபார்மட்டைக் குறை சொல்லாதீங்க.

நட்டுபோல்ட்
அந்தச் சண்டை தனி இழைக்குப் போகட்டும். எந்த ஃபார்மட்டா இருந்தாலும் அனுப்பறதுக்கு முன்னாடி க்யூசெலக்ட்ல (வகை வாரியா தேடித் தேர்ந்தெடுக்கற கமாண்ட்) ஆப்ஜெக்ட் டைப் எலிப்ஸ் (நீள்வட்டம்), அப்புறம் ஸ்ப்லைன் (நெளிவான வளைகோடு)னு தேடுங்க. இந்தப் பிளேட்டுக்கு ரெண்டும் பூஜ்யம் வரணும். பிறகு சுத்துக்கோட்டுக்கு லிஸ்ட்: நாலு வளைவுக்கும் பல்ஜ் 0.4142, ரேடியஸ் 30.

கவர்பிளேட்77
ரேடியஸ் 30 வந்துடுச்சு, பிட்ச் 570. எலிப்ஸ் இல்லை. அனுப்பிட்டேன். நன்றி.

பென்சில்முனை
நடுத் துளை 325க்கு வந்துச்சா? பிளேட் போல்ட் ஆகற ஃபிரேம் டிராயிங்லயும் 520ஐ 570 ஆக்கியாச்சா? அதையும் பார்த்துட்டுச் சொல்லுங்க.