உராய்வு மேல் பழி போடும் முன்: ஆய்வகத்தில் பிடிபட்ட பிழைகள் (புனைபெயர்களில் ஐந்து பேர் எழுதிய உரையாடல்)

கப்பிக்கயிறு:
விசையும் இயக்கமும் பற்றிய சோதனைகளில் கணக்கு ஒன்று சொல்லும், அளவு இன்னொன்று சொல்லும். உடனே ரெக்கார்ட் நோட்டில் "உராய்வினால் பிழை ஏற்பட்டது" என்று ஒரு வரி விழும். பாதி நேரம் அந்தப் பிழைக்கும் உராய்வுக்கும் சம்பந்தமே இருக்காது. மெய்யான காரணம் எது, எப்படிப் பிடிபட்டது என்பதை எண்களோடு எழுதுங்கள். ட்ராலியில் இருந்து தொடங்குகிறேன்.

மேசை மேல் 450 கிராம் ட்ராலி. கப்பி வழியாகத் தொங்குவது 50 கிராம். தொங்கும் எடை 0.05 × 9.8 = 0.49 நியூட்டன். அதை 0.45 கிலோகிராமால் வகுத்து, முடுக்கம் 1.09 மீ/வி² வர வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். அளந்தால் 0.98-ஐத் தாண்டாது. 10 சதவீதம் போனது எங்கே? தொங்கும் 50 கிராமும் கூடவே முடுக்கம் அடைகிறது. வகுக்க வேண்டியது மொத்த நிறையான 0.5 கிலோகிராமால். ஓடும்போது கயிற்றின் இழுவிசை 0.44 நியூட்டன்தான், ட்ராலியைக் கையால் பிடித்து நிறுத்தியிருக்கும்போது மட்டுமே அது 0.49.

இதற்குத் தீர்வு எளிது. 10 கிராம் எடைகள் எல்லாவற்றையும் முதலில் ட்ராலி மேலேயே வைத்துவிட்டு, ஒவ்வொன்றாக எடுத்துத் தொங்கலுக்கு மாற்றுங்கள். மொத்த நிறை மாறாது, வரைபடம் நேர்கோடாக வரும். வெளியிலிருந்து புதுப்புது எடைகளைத் தொங்கலில் சேர்த்துக்கொண்டே போனால், கோடு மேலே போகப் போகக் கீழ்நோக்கி வளையும்.

சாய்தளம்:
உருளும் குண்டின் கதை இதைவிட மோசம். 1 மீட்டர் நீளப் பலகை, ஒரு முனை 5 செ.மீ உயரம். g என்பது புவியீர்ப்பு முடுக்கம் (9.8 மீ/வி²), θ என்பது பலகையின் சாய்வுக் கோணம். g sinθ = 0.49 மீ/வி², ஆகவே மேலிருந்து கீழே வர 2.02 வினாடி என்று கணக்கு. குண்டு எடுத்துக்கொள்வதோ ஏறக்குறைய 2.4 வினாடி. முடுக்கம் கிட்டத்தட்ட 29 சதவீதம் குறைவு. இவ்வளவு பெரிய இடைவெளியைப் பார்த்ததும் யாருக்கும் உராய்வு ஞாபகம்தான் வரும்.

குண்டு கீழே வந்தால் மட்டும் போதாது, சுழலவும் வேண்டும். இறங்கும்போது கிடைக்கும் ஆற்றலில் ஒரு பங்கு சுழற்சிக்குப் போய்விடுகிறது. திடக் கோளத்துக்கு முடுக்கம் g sinθ-வில் 5/7 பங்கு. திட உருளைக்கு 2/3. மெல்லிய வளையத்துக்குப் பாதி. ஆரமோ நிறையோ இதில் வராது. பெரிய குண்டும் சிறிய குண்டும் சேர்ந்தே வரும். உராய்வுக்கு இங்கே வேலை உண்டு, ஆனால் அது குண்டைச் சுழல வைக்கும் வேலை. ஆற்றலைத் தின்னும் வேலை அல்ல. உராய்வே இல்லாத பலகையில் குண்டு சுழலாமல் வழுக்கி 2.02 வினாடியிலேயே வந்து சேர்ந்திருக்கும்.

ஒன்று கவனியுங்கள்: குண்டை V வடிவப் பள்ளத்தில் ஓட விட்டால் 5/7 கூட வராது. பள்ளத்தின் இரு சுவர்களையும் தொட்டு உருளும்போது உருளும் ஆரம் குண்டின் ஆரத்தைவிடச் சிறியதாகி, அதே வேகத்துக்கு இன்னும் வேகமாகச் சுழல வேண்டியிருக்கும். சமதளப் பலகையில் ஓட விட்டு, பக்கவாட்டில் விலகாமல் இருக்க இரண்டு பக்கமும் தளர்வாக ஒரு ஓரக்கட்டை வைப்பது நல்லது.

வில்தராசு:
சுருள்வில் தராசைப் படுக்க வைத்து இழுப்பவர்கள் கவனத்துக்கு. அதன் சுழியம் செங்குத்தாகத் தொங்கும்போது சரி செய்யப்பட்டது. அந்த நிலையில் கொக்கியும் தண்டும் தங்கள் எடையாலேயே சுருளைக் கொஞ்சம் நீட்டி வைத்திருக்கும். படுக்க வைத்ததும் அந்த நீட்சி போய்விடும். கொக்கியும் தண்டும் 25 கிராம் என்றால் காட்டும் அளவு ஏறத்தாழ 0.25 நியூட்டன் குறையும். 1.5 நியூட்டன் உராய்வு விசையை 1.25 என்று படிப்பீர்கள். தராசைப் படுக்க வைத்த நிலையிலேயே திருகைத் திருப்பிச் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள்.

கயிறு மேல்நோக்கிச் சாய்ந்தாலும் அளவு குறையும், ஆனால் பலரும் பயப்படும் அளவுக்கு இல்லை. உராய்வுக் குணகம் (உராய்வு விசைக்கும் பரப்புகளை அழுத்தும் விசைக்கும் உள்ள விகிதம்) 0.3 உள்ள கட்டையை 20° சாய்வில் இழுத்தால் தேவைப்படும் விசை 4 சதவீதம்தான் குறைகிறது.

கூடவே ஒரு பழைய குழப்பம். இரண்டு பேர் ஆளுக்கு 50 நியூட்டன் விசையில் இரு பக்கமும் இழுத்தால் நடுவிலுள்ள தராசு 50 காட்டும், 100 அல்ல. ஒரு முனையைச் சுவரில் கட்டிவிட்டு ஒருவர் மட்டும் இழுத்தாலும் அதே 50. சுவரும் இழுக்கிறது, அவ்வளவுதான்.

ஊசல்:
g-இன் மதிப்பு 10.8 வந்த நோட்டிலும் "காற்றின் உராய்வு" என்று காரணம் எழுதியிருக்கும்! காற்று விழும் பொருளைத் தாமதப்படுத்தும். g-ஐக் கூட்டிக் காட்டாது. அந்த 10.8 இரண்டு வழியில் வரும்.

ஒன்று, தனி ஊசலில் எண்ணும் முறை. குண்டை விடும்போதே "ஒன்று" என்று தொடங்கினால், "இருபது" சொல்லும்போது முடிந்திருப்பது 19 அலைவுகள்தான். (20/19)² = 1.108. "சுழியம்" என்று சொல்லிக் கடிகாரத்தை அழுத்துங்கள். அதுவும் குண்டு மிக வேகமாகச் செல்லும் நடுப்புள்ளியைக் கடக்கும்போது. ஓரத்தில் குண்டு தயங்கி நிற்பதால் அங்கே நேரம் பிடிப்பது கடினம்.

இன்னொன்று, செல்போன் வீடியோ. கேமராவிலிருந்து 1 மீட்டர் தூரத்தில் பொருள் விழுகிறது, அளவுகோல் அதற்கு 10 செ.மீ பின்னால் சுவரில் ஒட்டியிருக்கிறது. பொருள் கடந்த தூரம் 10 சதவீதம் கூடுதலாகத் தெரியும்; g-யும் அதே அளவு கூடும். அளவுகோல் பொருள் விழும் தளத்திலேயே இருக்க வேண்டும்.

g குறைந்து வந்தால் ஊசலின் வீச்சைப் பாருங்கள். 30° வீச்சில் அலைவுநேரம் 1.7 சதவீதம் நீளும், g 3.4 சதவீதம் குறையும். 10° வீச்சில் அலைவுநேரப் பிழை வெறும் 0.2 சதவீதம். நீளத்தைக் கொக்கி வரை மட்டும் அளப்பதும் g-ஐக் குறைக்கும். குண்டின் மையம் வரை அளக்க வேண்டும்.

கட்டை:
உராய்வையே அளக்கும்போது நடக்கும் பிழையை யாரும் சொல்லவில்லையே. 500 கிராம் கட்டை, நிலை உராய்வுக் குணகம் 0.4. "உராய்வு விசை 1.96 நியூட்டன்" என்று எல்லா இடத்திலும் எழுதிவிடுவார்கள். அது உச்ச வரம்பு மட்டும். 1 நியூட்டன் விசையில் இழுத்து, கட்டை அசையாவிட்டால் உராய்வும் சரியாக 1 நியூட்டன்தான்.

பலகையைச் சாய்த்து, கட்டை வழுக்கத் தொடங்கும் கோணத்தின் tanθ-வை நிலை உராய்வுக் குணகமாக எடுக்கும் முறையில் ஒரே பலகையில் 17°, 22°, 19° என்று மாறிமாறி வரும். விரல்பட்ட வியர்வை, தூசி, பலகையைக் குலுக்கித் தூக்குவது ஆகியவைதான் காரணம். காய்ந்த துணியால் துடைத்து, ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வைத்து, மெதுவாக உயர்த்துங்கள். இயக்க உராய்வு வேண்டுமென்றால் பலகையை லேசாகத் தட்டுங்கள். கட்டை சீரான வேகத்தில் இறங்கும் கோணமே விடை. ஒல்லியான கட்டையை நிமிர்த்தி வைக்கக் கூடாது. அடி அகலத்தை உயரத்தால் வகுத்து வருவது குணகத்தைவிடக் குறைவாக இருந்தால், வழுக்கும் முன்பே கவிழ்ந்துவிடும்.

கப்பிக்கயிறு:
அப்படியானால் ட்ராலியில் உராய்வு உண்மையிலேயே குற்றவாளியாக இருந்தால் எப்படித் தெரியும்? தொங்கும் எடை கிடை அச்சில், முடுக்கம் செங்குத்து அச்சில் என்று வரையுங்கள். மொத்த நிறையைத் தவறாக எடுத்திருந்தால், அளந்த கோட்டின் சாய்வு கணக்கோடு பொருந்தாது. உராய்வு என்றால் சாய்வு ஏறக்குறைய அப்படியே இருக்கும். கோடு முழுவதும் நகர்ந்து விசை அச்சை 0.03 நியூட்டன் மாதிரி ஓர் இடத்தில் வெட்டும். தட்டிவிட்ட ட்ராலி சீராக ஓடும்வரை தண்டவாளத்தின் ஒரு முனைக்கு அடியில் அட்டைத் துண்டுகளைச் செருகினால் அந்த 0.03 மறையும். செருகியது அதிகமாகிவிட்டால் கோடு முடுக்க அச்சை வெட்டும். ஒரு அட்டையை உருவிவிட்டு மறுபடி தட்டிப் பாருங்கள்.