முள் ஆடியது, ஒட்டியது, கடைசியில் கிலோமீட்டர் காட்டியது

பழைய மோட்டார்சைக்கிள்களின் வேகமானியோடு அவரவர் பட்ட பாட்டை எழுதுங்கள் என்று போன வாரம் கேட்டது நான்தான். யாரும் வாய் திறக்கவில்லை. கேட்டவன் முதலில் தன் மானத்தை வாங்கிக்கொள்ளட்டும் என்று காத்திருக்கிறீர்கள் போலும். சரி, வாங்கிக்கொள்கிறேன்.

என்னுடையது 1970களின் தொடக்கத்தில் வந்த நார்ட்டன் கமாண்டோ, பிரிட்டிஷ் வண்டி. ஸ்மித்ஸ் மீட்டர், 150 வரை எண்கள், எல்லாம் மைல் கணக்கு. நம் சிங்கப்பூர்ச் சாலைகளுக்கோ கிலோமீட்டர்தான் தெரியும். அதனால் கண்ணாடியின்மேல் மனைவியின் சிவப்பு நகப்பூச்சால் மூன்று புள்ளிகள் வைத்திருந்தேன்: 31, 43, 56. அதாவது மணிக்கு 50, 70, 90 கிலோமீட்டர். சாலைக்கு ஏற்ற புள்ளியை முள் தாண்டாதவரை பணப்பை பத்திரம். பல ஆண்டுகள் அப்படியே ஓடியது.

ஒரு டிசம்பர் மழைக்காலத்தில் முள் ஆடத் தொடங்கியது. 30க்கும் 50க்கும் இடையே பூம்பூம் மாடு தலையாட்டுவதுபோல ஓயாத ஆட்டம். முள் ஆடினால் மீட்டர் கெட்டுவிட்டது என்று நினைப்பதுதான் நம் வழக்கம். பெரும்பாலும் மீட்டர் நிரபராதி, குற்றவாளி கேபிள்தான். உள்ளே சுழலும் கம்பி காய்ந்துபோயிருந்தாலோ, எங்காவது இறுக்கமாக வளைந்திருந்தாலோ, ஒரு கணம் சிக்கி முறுக்கிக்கொள்ளும். அடுத்த கணம் விடுபட்டுத் துள்ளும். முள்ளுக்கு அந்தத் துள்ளல்தான் தெரியும். ஆறு அங்குலத்துக்கும் குறைந்த ஆரத்தில் கேபிளை வளைக்கக் கூடாது என்பது பழைய விதி. நானோ அதற்குச் சில மாதங்கள் முன்பு முன்விளக்கை மாற்றியபோது, பார்க்க அழகாக இருக்கட்டும் என்று கேபிளை பிளாஸ்டிக் பட்டையால் கைப்பிடித் தண்டோடு இழுத்துக் கட்டியிருந்தேன்.

இதெல்லாம் இப்போது தெரிகிறது. அன்று நான் செய்தது வேறு. கேபிளின் மேல்முனையைக் கழற்றி, எண்ணெய்க் குப்பியை எடுத்து, குழந்தைக்குத் தலைக்கு எண்ணெய் வைப்பதுபோல வழிய வழிய ஊற்றினேன். முள் நின்றது. இரண்டு வாரம் என்னைவிடப் பெரிய மெக்கானிக் சிங்கப்பூரில் இல்லை.

கேபிளின் உள்கம்பி திருகுபோலச் சுற்றப்பட்டது. அது சுழலும்போது எண்ணெயை மேலே ஏற்றும். நாம் வைக்காத இறைப்பான் அது. ஏறிய எண்ணெய் மீட்டருக்குள் போய்விடும். அங்கே ஒரு காந்தம் சுழல்கிறது. அதைத் தொடாமல், மிக நெருக்கமாக, ஓர் அலுமினியக் கிண்ணம். காந்தம் சுழலச் சுழல அலுமினியத்தில் சுழல் மின்னோட்டம் எழுந்து கிண்ணத்தை இழுக்கும். முடிபோன்ற ஒரு சுருள்வில் அதை இழுத்துப் பிடிக்கும். இந்த இழுபறியின் முடிவுதான் முள் காட்டும் எண். இடைவெளியில் எண்ணெய் புகுந்தால் காந்தம் கிண்ணத்தைக் கையோடு பிடித்து இழுத்துக்கொண்டு போகும்.

போனது. தீவு விரைவுச்சாலையில் ஜூரோங் நோக்கிக் காலை நேர நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்தேன். முள் 110 மைலைக் காட்டியது. பக்கத்தில் வந்த சரக்கு வாகன ஓட்டுநர்கூட என் மீட்டரை எட்டிப் பார்த்துச் சிரித்ததுபோல இருந்தது. என் மனப்பிரமையாகவும் இருக்கலாம். வண்டியை நிறுத்திய பிறகும் முள் 20க்குக் கீழே இறங்க மறுத்தது.

அப்போதாவது தெரிந்தவரிடம் கொடுத்திருக்க வேண்டும். இந்த வகை மீட்டரின் விளிம்பு வளையம் திருகி மாட்டியதல்ல, மடித்து அழுத்தியது. அதை நெம்பித் திறந்தேன். முள்ளைப் பிடுங்குவதற்கு முன், அது தடைக்குச்சியில் (முள்ளை அடியில் தடுத்து நிறுத்தும் குச்சி) சாயாமல் தானாக எங்கே நிற்கிறது என்று குறித்து வைக்க வேண்டும். குறிக்கவில்லை. பிடுங்கினேன். சுருள்வில் கோணிக்கொண்டது. அத்தோடு கதை முடிந்தது.

முன்பானால் சுங்கை ரோடு சந்தைக்குப் போய்த் தார்ப்பாய்மேல் குவித்து வைத்திருக்கும் பழைய சாமான்களில் கிளறியிருப்பேன். 2017 ஜூலையில் அதை மூடிவிட்டார்கள். காக்கி புக்கிட்டில் தெரிந்த ஒரு தவுக்கேயிடம், அதாவது முதலாளியிடம், கொண்டுபோனேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு உள்ளே பார்த்தவர், "இதைத் திறந்தது யார்?" என்றார். முந்தைய உரிமையாளராக இருக்கும் என்றேன். அவர் என் நகங்களைப் பார்த்தார். வேறொன்றும் சொல்லவில்லை.

கடைசியில் இணையத்தில், வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடம், அஞ்சல் செலவோடு 240 சிங்கப்பூர் வெள்ளிக்குப் பழைய மீட்டர் ஒன்று வாங்கினேன். என் வண்டிக்கு அப்படியே பொருந்தும் என்று சத்தியம் செய்திருந்தார். முகப்பு, எழுத்து, 150 மைல், எல்லாம் அச்சு அசல். புதிய கேபிள் போட்டு, அகலமாக வளைத்து, கட்டாமல் விட்டேன். முள் காற்றில்லாத இடத்துச் சுடர்போல நின்றது. ஆனால் பாலஸ்டியர் சாலையில் 31 வைத்துப் போனால் பின்னால் வரும் பஸ் ஒலிப்பானை அழுத்துகிறது. முச்சக்கர வண்டியில் போகிறவர்போல ஓரம் கட்டிக்கொண்டே வீடு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் புளோக்கின் பல மாடி வாகன நிறுத்துமிடத்து மொட்டைமாடிக்கு வண்டியை ஏற்றினேன். கேபிளின் மேல்முனையைக் கழற்றி, உள்கம்பியில் ஒரு துண்டு ஒட்டுத்தாளைக் கொடிபோல ஒட்டினேன். தரையில் சுண்ணக்கட்டியால் பத்து மீட்டர் கோடு. நான் தள்ள, என் மகள் கொடி சுற்றுவதை எண்ணினாள். ஒன்பதரைச் சுற்று. நூறால் பெருக்கினால் கிலோமீட்டருக்கு 950; மைலுக்குச் சுமார் 1,530. இப்போதுதான் முகப்பின் அடியில் இருந்த பொடி எண்ணைப் படித்தேன். என் பழைய மீட்டரில் அது 1600. வாங்கியதில் 1000.

அந்த எண்தான் எல்லாம். கேபிள் எத்தனை முறை சுற்றினால் ஒரு மைல் என்று மீட்டர் நம்புகிறதோ, அது. கமாண்டோவில் பின்சக்கரத்து அச்சில் உள்ள பல்சக்கரப் பெட்டி இரண்டு வகை: சக்கரம் ஒருமுறை சுற்றினால் கேபிள் இரண்டு முறை சுற்றும் 2:1 பெட்டி, ஒன்றேகால் முறை சுற்றும் 15:12 பெட்டி. முதலாவதற்கு 1600 என்று போட்ட மீட்டர், இரண்டாவதற்கு 1000 என்று போட்டது. என் வண்டியில் இருப்பது 2:1. ஆகவே புதிய மீட்டர் உண்மையைவிட ஒன்றரை மடங்கு அதிகமாகக் காட்டுகிறது. நான் 50 என்று நினைத்து 33இல் போயிருக்கிறேன். பஸ் ஓட்டுநர் பொறுமைசாலி.

(பழைய மீட்டரும் யோக்கியமில்லை. 1530 சுற்றிலேயே ஒரு மைல் முடிந்துவிட, அது 1600 சுற்று வந்தால்தான் மைல் என்று நம்பியதால் நாலு சதவீதம் குறைத்தே காட்டியிருக்கிறது. இத்தனை ஆண்டு தண்டக் கடிதம் வராதது என் யோகம்.)

விற்றவர் தொகையைத் திருப்பித் தர மாட்டேன் என்றார். கோபத்தில் இங்கிலாந்திலிருந்து ஒரு 15:12 பெட்டிக்குச் சொல்லிவிட்டு, அது வரும்வரை என்ன செய்வது என்று லிம் சூ காங் பக்கம் ஒரு காலையில் ஓட்டிப் பார்த்தேன். கூட வந்த நண்பர் புதிய யமாஹாவில் பின்னால் வந்தார். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். கிராஞ்சி அருகே நிறுத்தியதும் கேட்டார்:

"அண்ணே, அந்த நேர்ச்சாலையில் என் மீட்டரில் 50. உங்களுடையதில் எவ்வளவு?"

"நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு."

"அப்புறம் கோளாறு என்கிறீர்களே, எங்கே?"

ஒரு மைல் என்பது 1.6 கிலோமீட்டர். மைல் மீட்டர் ஒன்றரை மடங்கு அதிகமாகக் காட்டினால் அது காட்டுவது ஏறக்குறைய கிலோமீட்டர். தூரம் எண்ணும் சக்கரமும் அப்படியே. பொறியியல் படித்தவன் நான். மொட்டைமாடியில் கால்குலேட்டரைத் தட்டியபோது இது தோன்றவில்லை. கோபத்தில் இருந்தேன்.



ஜூரோங் வெஸ்ட்டிலிருந்து, பிஎஸ்ஏ எம்20 வைத்திருப்பவர்:

உங்களுடையது காந்த மீட்டர். என்னுடையது அதற்கும் முந்தைய தலைமுறை, கடிகார எந்திரத்தால் ஓடும் குரோனோமெட்ரிக். போர்க்காலத்து வண்டி, ஈப்போ பக்கம் ஒரு தோட்டத்துக் கொட்டகையில் கோழிகள் அடைகாத்துக்கொண்டிருந்த நிலையில் வாங்கினேன்.

எனக்கு வந்த சந்தேகம், முள் சீராக ஏறவில்லை என்பது. 20, பிறகு 24, பிறகு 27 என்று தாவித் தாவிப் போகும். வேகத்தைக் குறைத்தாலும் படிக்கட்டில் இறங்குவதுபோல ஒவ்வொரு படியாக. பல் உடைந்திருக்கிறது என்று முடிவு செய்து கழற்றினேன். இதன் விளிம்பு வளையம் திருகு மரையில் மாட்டியது, ஆகவே உங்கள் அளவுக்குப் பாவம் செய்யாமல் திறந்துவிட்டது. உள்ளே பார்த்ததும் கையை எடுத்துவிட்டேன். சமநிலைச் சக்கரம், நங்கூரம், பொடிப் பற்கள். வண்டி மெக்கானிக்கின் வேலையே அல்ல.

பழைய கடைத்தொகுதி ஒன்றில் படிக்கட்டுக்கு அடியில் உட்கார்ந்து கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் முதியவரிடம் கொண்டுபோனேன். பூதக்கண்ணாடியைக் கண்ணில் செருகிக்கொண்டு ஐந்து நிமிடம் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. இப்போதெல்லாம் தம்மிடம் வருவது பெரும்பாலும் பேட்டரி மாற்றத்தான் என்றார். காய்ந்து கோந்தாகியிருந்த எண்ணெயைக் கழுவி, அச்சு முனைகளில் ஊசிமுனை அளவு கடிகார எண்ணெய் வைத்து, மூன்று வாரத்தில் கொடுத்தார். 90 வெள்ளி.

மாட்டி ஓட்டினேன். முள் முன்போலவே தாவியது!

திரும்பிப் போய்ச் சண்டை பிடிக்காமல் இருந்தது என் நல்ல காலம். அந்த மீட்டர் வேலை செய்வதே அப்படித்தான். ஒரு குறிப்பிட்ட சிறு கால அளவுக்குள் கேபிள் எத்தனை முறை சுற்றியது என்று எண்ணி, முள்ளை அங்கே கொண்டுபோய் நிறுத்தி, அடுத்த எண்ணிக்கை முடியும்வரை அசையாமல் பிடித்திருக்கும். நடுவில் நீங்கள் பிரேக் பிடித்தாலும் அதற்குக் கவலையில்லை. 1960களின் நடுப்பகுதிவரை பிரிட்டிஷ் வண்டிகளில் பெரும்பாலும் இதுதான் இருந்தது. கெடாத ஒன்றைப் பழுதுபார்த்தேன் என்று வீட்டில் இன்றும் சொல்லிக் காட்டுகிறார்கள். எண்ணெய் காய்ந்திருந்தது உண்மைதானே என்றால் யாரும் கேட்பதில்லை.

ஒன்று மட்டும் கவனமாக இருங்கள். அந்தக் காலத்து முகப்புகள் சிலவற்றில் இருட்டில் ஒளிரும் எண்களுக்கு ரேடியம் கலந்த வண்ணம் பூசியிருப்பார்கள். ஒளி செத்துப் பழுப்பாகிவிட்டாலும் ரேடியம் அப்படியே இருக்கும். சுரண்டாதீர்கள், தூசியை வாயால் ஊதாதீர்கள். நான் ஊதப் போனேன். அந்த முதியவர் என் கையைத் தட்டிவிட்டார்.



செங்காங்கிலிருந்து, ஹோண்டா சி70:

உங்கள் கதைகளுக்கு முன் என் கப்சாய் (சின்ன வண்டி) கதை ஒன்றுமேயில்லை. முன்சக்கரத்து டயர் மாற்றி வந்த அன்றே மீட்டர் செத்துவிட்டது. கேபிள் மாற்றினேன், அசையவில்லை. மீட்டரையே மாற்றலாம் என்று ஜோகூரில் விலை விசாரித்துவிட்டும் வந்தேன். என் மாமா, அந்தக் காலத்தில் இதே வண்டியில் கப்பல் பட்டறைக்குப் போய் வந்தவர், சக்கரத்தைக் கழற்றச் சொன்னார். சக்கரத்தின் நடுவிலிருந்து மீட்டருக்குச் சுழற்சி கொடுக்கும் வளையத்தின் காது பள்ளத்தில் உட்காரவே இல்லை. டயர் மாற்றியவர் அப்படியே வைத்து அச்சை முறுக்கிவிட்டார். திருப்பி உட்கார வைக்க இருபது நிமிடம். செலவு, மாமாவுக்கு ஒரு கோப்பி.

இன்னொன்று: பல ஜப்பானிய வண்டிகளில் கேபிள் நிமிடத்துக்கு 1400 சுற்று சுற்றினால் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம். முகப்பில் அப்படியே அச்சிட்டும் இருக்கும். வேறு வண்டியின் மீட்டரை வாங்குகிறவர்கள் முதலில் அதைப் பாருங்கள்.



நார்ட்டன்காரன் மறுபடியும்:

கேபிளுக்கு என்ன போடுவது என்று தனியே இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். எண்ணெய் வேண்டவே வேண்டாம். உள்கம்பியை உருவித் துடைத்துவிட்டு, கீழ்ப்பக்கம் மூன்றில் இரண்டு பங்குக்கு மட்டும் கிரீஸை விரலில் தொட்டு மெல்லியதாகத் தடவுங்கள். மேலே மீட்டர் பக்கம் காய்ந்தே இருக்கட்டும். ஏற வேண்டியது தானே ஏறிக்கொள்ளும்.

முகப்பில் இன்னும் மைல் என்றே எழுதியிருக்கிறது, நான் மாற்றவில்லை. 50 சாலையில் 47ஐத் தாண்டாமல் போகிறேன். பழைய புள்ளிகள் போனதால், 47, 66, 85 என்று புதிதாக மூன்று வைத்திருக்கிறேன். இந்த முறை நகப்பூச்சு மகளுடையது, ஊதா நிறம்.

இங்கிலாந்திலிருந்து 15:12 பெட்டி போன வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. உறைகூடப் பிரிக்கவில்லை. 1000 என்று போட்ட மீட்டரை வைத்துக்கொண்டு உண்மையான மைல் பார்க்க விரும்புகிற கமாண்டோக்காரர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், தேக்காவில் சந்திக்கலாம். வாங்கிய விலைக்கே தருகிறேன், தேநீர் உங்கள் செலவு.