பழைய போனை வீட்டின் பாட்டுப் பெட்டியாக மாற்றுதல்: எந்நேரமும் சார்ஜரில் விடலாமா?

வாய்க்கால்கரை (கிளிநொச்சி) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் அப்பாவின் பாட்டுச் சேகரிப்பு இதுவரை ஒரு பழைய மேசைக் கணினியில் இருந்தது. கசெற்றுகளிலிருந்து நானே பதிந்து எடுத்த பக்திப் பாடல்கள், நாதஸ்வரக் கச்சேரிகள், கோயில் வீதியில் வைத்து ஒலிப்பதிவு செய்த காத்தவராயன் கூத்து என எல்லாமாக ஏறத்தாழ 40 ஜிபி வரும். விடிய ஐந்து மணிக்கு அந்தக் கணினியை அப்பா போட்டால் இரவுச் சாப்பாடு முடியும்வரை அது ஓடிக்கொண்டே இருக்கும். போன மாத மின்கட்டணச் சிட்டையில் 60 அலகைத் தாண்டிவிட்டோம். தாண்டியதும் கட்டண வகையே மாறிவிடுவது உங்களுக்குத் தெரியும்.

மேசை லாச்சிக்குள் தங்கச்சியின் பழைய போன் ஒன்று கிடந்தது. அன்ட்ரொயிட் 8, 3 ஜிபி ராம், 3000 எம்ஏஎச் பற்றரி. திரையின் கீழ்ப்பாதி வெடித்து, அந்த இடத்தில் தொடுகை வேலை செய்யாது. மற்றபடி நல்ல போன். அதில் 64 ஜிபி மெமரி கார்ட் ஒன்றைப் போட்டுப் பாட்டுகளை ஏற்றி, சேர்வர் செயலி ஒன்றையும் நிறுவினேன். வீட்டிலுள்ள மற்றப் போன்களில் பாட்டுக் கேட்கிறது. ஆனால் பழைய போனின் திரை அணைந்து பத்து இருபது நிமிடத்தில் பாட்டு நின்றுவிடுகிறது. போய்த் திரையைத் தட்டினால் மீண்டும் பாடுகிறது. இதை எப்படிச் சரிசெய்வது என்பது முதற்கேள்வி. இரவும் பகலும் சார்ஜரில் செருகியே வைத்தால் பற்றரிக்கு என்ன நடக்கும் என்பது இரண்டாவது. எங்களுடையது தகரக் கூரை வீடு என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள். மின்சாரம் நின்றால் ரவுட்டரும் நின்றுவிடும், அப்போது போனில் பற்றரி இருந்தும் பயனில்லாமற் போகிறது. அதற்கும் ஒரு வழி இருந்தால் சொல்லுங்கள்.

கனகராயன் (வவுனியா) எழுதியது:

போன் திருத்தும் வேலையில் இருப்பதால் உங்கள் இரண்டாவது கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நூறு வீதத்தில் மாதக்கணக்காகச் செருகிக் கிடந்த போன்கள் என் மேசைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. பின்மூடிக்கும் சட்டத்துக்கும் இடையில் நகம் நுழையும் அளவு இடைவெளி இருக்கும். மூடியைக் கழற்றினால் உள்ளே பற்றரி, பொரித்த அப்பளம் போல நடுவில் எழும்பி நிற்கும். லித்தியம் பற்றரி முழுமையாக நிரம்பி 4.2 வோல்ற் அளவிலோ அதற்கு மேலோ நிற்கும்போதுதான் அதனுள்ளே வேதிச் சிதைவு விரைவாக நடக்கிறது. அதோடு சூடும் சேர்ந்தால் சிதைவில் உண்டாகும் வாயு வெளியேற வழியின்றிப் பையை ஊதவைக்கிறது. சோளகக் காலத்தில், மத்தியானம் இரண்டு மணிக்கு, உங்கள் தகரக் கூரைக்குக் கீழே உயரத் தட்டில் அந்தப் போனை வைத்தால் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஊதிய பற்றரியை அழுத்துவதோ குத்துவதோ கூடவே கூடாது. அது தீப்பிடிக்கும்.

எனவே பற்றரி 40 வீதத்துக்கும் 80 வீதத்துக்கும் இடையில் ஏறி இறங்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பற்றரியில் நிரம்பிய நிலையில் சுமார் 11 வாட் மணி இருக்கும், பழையது என்பதால் அதிலும் குறைவு. திரை அணைந்து வைஃபையுடன் பாடும் போன் முக்கால் வாட் அளவில் இழுக்கும் என்று வைத்தால், 80 இலிருந்து 40 க்கு இறங்க ஐந்தாறு மணி நேரம் எடுக்கும். இருபத்துநான்கு மணிநேரத் திருகு டைமர் ஒன்றை வாங்கிப் பிளக்குக்கும் சார்ஜருக்கும் இடையில் போட்டு, நாளைக்கு மூன்று நான்கு தடவை முக்கால் மணி நேரம் ஏறும்படி அதன் வட்டத்திலுள்ள நேரப் பற்களை அமைத்துவிடுங்கள். ஒரு சிக்கல் இருக்கிறது: திருகு டைமர் மின்சாரத்திலேயே சுற்றுவது, ஆகவே மின்தடை எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் அதன் மணிக்கூடு பிந்திவிடும். வாரத்துக்கு ஒருமுறை திருகிச் சரிசெய்ய வேண்டும்.

பற்றரியைக் கழற்றிவிட்டு நேரடியாக மின் கொடுக்கலாமே என்று பலர் கேட்பார்கள். பல போன்கள் பற்றரியின் வெப்ப உணரியிலிருந்து வரும் சைகை இல்லாவிட்டால் எழும்பவே மாட்டா. பழக்கமில்லாதவர் அதில் கை வைக்காதிருப்பதே நல்லது. போனின் உறையைக் கழற்றி, நிலத்துக்குக் கிட்ட, சீமெந்துச் சுவரோரம் காற்றுப் படும் இடத்தில் வையுங்கள். ஐப்பசி கார்த்திகையில் இடி மின்னல் தொடங்கினால் சார்ஜரைச் சுவரிலிருந்தே கழற்றிவிடுங்கள். வன்னியில் மாரி பிறந்ததும் எங்கள் கடைக்கு வரும் வேலையில் பாதி அதனால் வருவதுதான்.

குளக்கட்டு (மல்லாவி) எழுதியது:

குறை நினைக்க வேண்டாம், ஆனால் இதற்கு ஏன் சேர்வர்? யூஎஸ்பி குத்தும் வசதியுள்ள வானொலிப் பெட்டிகள் சந்தையில் கிடக்கின்றன. பாட்டுகளை ஒரு பென்டிரைவில் ஏற்றிக் குத்திவிட்டால் அப்பா ஒரு பொத்தானை அழுத்துவார், விடயம் முடிந்தது. வயதானவருக்குச் செயலியும் வைஃபையும் தலையிடி.

நிரலோடு நிற்பவன் (முள்ளியவளை) எழுதியது:

குளக்கட்டு அண்ணாவின் கேள்வி நியாயமானது. பாட்டு முந்நூறு என்றால் நானும் பென்டிரைவையே சொல்லியிருப்பேன். 128 கேபிபிஎஸ் தரத்தில் ஒரு நிமிடப் பாட்டு ஏறத்தாழ ஒரு எம்பி. அந்தக் கணக்கில் 40 ஜிபி என்பது ஐந்து நிமிடப் பாட்டுகள் எண்ணாயிரம். அந்தப் பெட்டிகளில் 'அடுத்தது' பொத்தானை அழுத்தி அழுத்தி எண்ணாயிரத்துக்குள் ஒரு தேவாரத்தைத் தேடி எடுக்க முடியாது.

அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது, அதைத்தான் முதலில் தீர்மானிக்க வேண்டும்: ஒலி எங்கிருந்து வர வேண்டும்? நீங்கள் நிறுவிய செயலி பாட்டை மற்றப் போன்களுக்கு அனுப்புகிறது, ஒலி அந்தப் போன்களில் கேட்கிறது. அது பிள்ளைகளுக்குப் பொருந்தும். அப்பாவுக்கு வேண்டியதோ விறாந்தையிலுள்ள ஸ்பீக்கரில் பாட்டு வருவது. அப்படியானால் பழைய போனையே 3.5 மில்லிமீற்றர் வயரால் ஸ்பீக்கரோடு பொருத்தி அதையே பாடவிட்டு, மற்றப் போன்களை ரிமோட்டாக மட்டும் பயன்படுத்தலாம். எம்பிடி எனப்படும் இசைச் சேவகன் மென்பொருள் செய்வது இந்த வேலையைத்தான். ரிமோட்டாக இருக்கும் போன் அணைந்தாலும், வெளியே எடுத்துச் சென்றாலும் பாட்டு நிற்காது. என் அனுபவத்தில் வைஃபை விக்கித் திக்கும் வீடுகளில் இந்த முறைதான் நிலைக்கிறது, ஏனென்றால் காற்றில் போவது 'அடுத்த பாட்டு' என்ற சிறு கட்டளை மட்டுமே.

செய்முறை கடினமானதல்ல. எஃப்-டிராய்டு என்ற இலவசச் செயலித் தளத்திலிருந்து டெர்மக்ஸ் (போனில் லினக்ஸ் கட்டளைகளை இயக்கும் செயலி), டெர்மக்ஸ்-பூட் (போன் எழும்பியதும் அந்தக் கட்டளைகளைத் தானே தொடங்கும் துணைச் செயலி) இரண்டையும் இறக்குங்கள். இரண்டும் ஒரே இடத்திலிருந்து வர வேண்டும், வேறு வேறு இடத்துப் பிரதிகளின் கையொப்பம் பொருந்தாமல் ஒன்றையொன்று ஏற்காது. திரையின் கீழ்ப்பாதி வேலை செய்யாதபடியால் ஓடிஜி வயரில் (போனில் யூஎஸ்பி பொருட்களைக் குத்த உதவும் வயர்) கணினி மவுஸ் ஒன்றைக் குத்துங்கள். போன் திரையில் அம்புக்குறி வரும், தட்டச்சுக்கு விசைப்பலகையும் குத்தலாம். டெர்மக்ஸில் சேமிப்பக அனுமதியைக் கொடுத்தபின் எம்பிடியையும் ஒலியை வெளிவிடும் பல்ஸ்ஆடியோவையும் நிறுவி, எம்பிடியின் அமைப்புக் கோப்பில் பாட்டுக் கோப்புறையின் பாதையை எழுதுங்கள். எம்பிடி தன் போனுக்குள் மட்டுமே செவிகொடுக்கும்படி அமைந்திருந்தால், வீட்டு வைஃபையிலிருந்தும் கட்டளை ஏற்கும்படி அதே கோப்பில் குறிப்பிட வேண்டும். ரிமோட் கேட்கும் வாசல் எண் (போர்ட்) 6600. ரிமோட்டுக்கு எம்.ஏ.எல்.பி. என்ற இலவசச் செயலி போதும்.

திரை அணைந்ததும் நிற்பதற்குக் காரணம், அன்ட்ரொயிட் 6 இலிருந்து வந்த 'டோஸ்' என்ற துயில் நிலையும் அதற்கு மேலாகத் தயாரிப்பாளர்கள் சேர்த்த மின்சேமிப்பு விதிகளுமே. அமைப்புகளில் பற்றரிப் பகுதிக்குப் போய் டெர்மக்ஸுக்கு மின்சேமிப்புக் கட்டுப்பாட்டை நீக்குங்கள். பின்பு அறிவிப்புப் பட்டையை இழுத்தால் டெர்மக்ஸின் வரியில் 'வேக்லொக்' (போனைத் துயிலவிடாமல் வைப்பது) என்ற தெரிவு இருக்கும், அதைத் தட்டுங்கள். நீங்கள் இப்போது வைத்திருக்கும் செயலியையே தொடர விரும்பினாலும் அதற்கும் இதே மின்சேமிப்பு விலக்கைக் கொடுத்துப் பாருங்கள்.

ரவுட்டர் பற்றி: வீட்டுக்குள் பாட்டுக் கேட்க இணையமே தேவையில்லை, டேட்டா முடிந்தாலும் இது ஓடும். தேவைப்படுவது ஒரு வைஃபை வலை, அதைப் பழைய போனே தன் ஹொட்ஸ்பொட்டால் உண்டாக்கிக் கொடுக்கும். மின்சாரம் போனதும் ஹொட்ஸ்பொட்டைப் போட்டுவிட்டு மற்றப் போனை அதோடு இணையுங்கள். உங்கள் அன்ட்ரொயிட் 8 இல், ரிமோட்டில் கொடுக்க வேண்டிய பழைய போனின் முகவரி பெரும்பாலும் 192.168.43.1 ஆக இருக்கும். பற்றரி சற்று விரைவாக இறங்கும், அவ்வளவுதான். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: வெளியூரிலிருந்தும் கேட்கலாம் என்று ரவுட்டரில் வாசலைத் திறந்து விடாதீர்கள். பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன பழைய அன்ட்ரொயிட், வீட்டு வேலிக்குள் இருக்கும்வரைதான் பிரச்சினையில்லை.

வாய்க்கால்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஒலி எங்கிருந்து வர வேண்டும் என்பதை நான் யோசிக்கவேயில்லை, எம்பிடிக்கு மாறிவிட்டேன். மூன்று நாளாக நிற்காமல் பாடுகிறது. புதிதாக இரண்டு தொல்லைகள். சார்ஜ் ஏறும் நேரத்தில் மட்டும் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் பாட்டுக்குக் கீழே கேட்கிறது, வயரைக் கழற்றினால் இல்லை. அடுத்து, கசெற்றிலிருந்து பதிந்த பழைய கோப்புகளின் பெயர்கள் ரிமோட்டில் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகத் தெரிகின்றன. கணினியில் அவை தமிழில்தான் தெரிந்தன.

கனகராயன் எழுதியது:

சார்ஜரும் ஸ்பீக்கரும் இரண்டு வழியால் ஒரே நிலமுனையைத் தேடுவதால் வரும் இரைச்சல் அது. கார் ஓடியோ விற்கும் கடைகளில் கிரவுண்ட் லூப் ஐசொலேற்றர் என்று கேட்டால் சிறு உருளை போன்ற ஒன்றைத் தருவார்கள், அதை ஒலி வயரின் நடுவே போட்டால் போய்விடும். வாங்குவதற்கு முன், டைமரின் பற்களை அப்பா உறங்கும் நேரத்துக்கும் மத்தியானப் படுக்கைக்கும் நகர்த்திப் பாருங்கள். காசு மிஞ்சும்.

எழுத்துப் பிழை திருத்துநர் (மாங்குளம்) எழுதியது:

உங்கள் இரண்டாவது தொல்லைக்குக் காரணம் பாமினியாக இருக்க வேண்டும். ஒருங்குறி (யூனிகோட்) பரவுமுன் எங்கள் பக்கத்துப் பதிப்பகங்களிலும் அலுவலகங்களிலும் ஓடிய எழுத்துரு அது. பாமினியில் தட்டச்சிட்டவை உள்ளே ஆங்கில எழுத்துகளாகத்தான் சேமிக்கப்பட்டிருக்கும். அந்த எழுத்துரு உள்ள கணினியில் மட்டும் தமிழ் முகம் காட்டும். பெயர்களைப் பாமினியிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாக உள்ளன. மாற்றிய பெயர்களைக் கணினியில் எம்பி3டேக் என்ற பாட்டு விவரம் திருத்தும் மென்பொருள் கொண்டு பாட்டின் பெயர், பாடியவர், தொகுப்பு ஆகிய இடங்களில் தொகுதியாக ஏற்றலாம். ஏற்றி முடிந்ததும் ரிமோட்டிலிருந்து எம்பிடியின் பட்டியலைப் புதுப்பிக்க மறக்க வேண்டாம். மாற்றுமுன் முழுச் சேகரிப்பையும் வேறொரு டிஸ்க்கில் பிரதி எடுத்துவையுங்கள். மெமரி கார்ட் முன்னறிவிப்பில்லாமல் சாகும் பொருள், கூத்துப் பதிவுக்கு இன்னொரு பிரதி உலகில் எங்கும் இராது.

வாய்க்கால்கரை எழுதியது:

பாமினியேதான். பிரதி எடுத்தபின் பெயர் மாற்றும் வேலையைத் தொடங்கினேன், பாதி முடிந்துவிட்டது. டைமரை இரவு பதினொன்றுக்கும் விடிய மூன்றுக்கும் மத்தியானம் இரண்டுக்கும் மாற்றியதும் இரைச்சல் அப்பாவின் காதுக்கு எட்டவில்லை. நேற்று மாலை இரண்டு மணி நேரம் மின்சாரம் இல்லை. விறாந்தை ஸ்பீக்கர் உள்ளே பற்றரி உள்ள வகை என்பதால் அதுவும் ஓடியது; ஹொட்ஸ்பொட்டில் தங்கச்சி பாட்டை மாற்ற, அப்பா சாய்மனைக் கதிரையில் இருந்தபடி, "கரண்ட் வந்திட்டுதோ?" என்று கேட்டார்.

மாதக் கணக்கையும் பதிந்துவிடுகிறேன். பழைய கணினி 80 வாட் என்று வைத்தாலே, நாளுக்கு 14 மணி நேரம் ஓடினால் மாதம் 33 அலகுக்கு மேல். போன், சார்ஜர் இழப்போடு சேர்த்து ஒரு வாட் என்று வைத்து இரவு பகலாக ஓடவிட்டாலும் முக்கால் அலகைத் தொடாது.

குளக்கட்டு அண்ணாவுக்கு: அப்பா இன்னும் ரிமோட்டைத் தொடவில்லை. காலையில் வேண்டிய தேவாரங்களை முதல்நாள் இரவே நான் வரிசைப்படுத்தி வைக்கிறேன், ஐந்து மணிக்கு அவர் ஸ்பீக்கரின் ஒரு பொத்தானை மட்டும் அழுத்துகிறார். அந்த அளவில் நீங்கள் சொன்னதும் சரிதான்.