பைல்களை அழித்தும் வொல்யூமில் இடம் திரும்பவில்லை, ஸ்னாப்ஷொட் எல்லாவற்றையும் அழிக்கலாமா?

கல்லடியிலிருந்து:
வணக்கம். எங்கள் அலுவலகத்தில் பைல்களைச் சேமிக்கும் நெட்ஆப் ஸ்டோரேஜ் பெட்டி ஒன்று இருக்கிறது. அதில் 4 டிபி வொல்யூம் (பைல்களுக்கெனப் பிரித்த பகுதி) 98 வீதம் நிரம்பிவிட்டது. பழைய ஸ்கேன் பைல்கள் கிட்டத்தட்ட 600 ஜிபி அழித்தோம், ஆனால் எண் அசையவே இல்லை. வெப் பக்கம் திறக்கவில்லை, கொமாண்ட் அடிக்கும் எஸ்எஸ்எச் இணைப்பு மட்டும்தான் கைவசம், அந்தப் பெட்டியின் ஒன்டாப் மென்பொருள் கொமாண்டுகள் எனக்குப் புதுசு. ஸ்னாப்ஷொட் (வொல்யூம் ஒரு நேரத்தில் இருந்த நிலையின் பதிவு) எல்லாவற்றையும் நட்சத்திரக் குறி போட்டு ஒரேயடியாக அழித்தால் சரியாகுமா? திங்கட்கிழமை எல்லோரும் வேலைக்கு வந்துவிடுவார்கள், அதற்குள் தீர வேண்டும்.

அக்கரைப்பற்றிலிருந்து:
தம்பி, நட்சத்திரம் போட வேண்டாம். முதலில் இடக் கணக்கைக் காட்டும் ‘டிஎப் -எச்’ அடித்து அந்த வொல்யூமுக்குக் கீழே வரும் ‘.ஸ்னாப்ஷொட்’ வரியைப் பாருங்க. பைலை அழித்தாலும் அதன் பிளொக்குகளை (பைல் சேமிக்கப்படும் சிறு துண்டுகளை) ஏதாவது ஒரு ஸ்னாப்ஷொட் பிடித்துக்கொண்டிருந்தால் இடம் விடுபடாது, அழித்தது அப்படியே ஸ்னாப்ஷொட் கணக்குக்கு மாறிவிடும். மறுகா ‘வொல்யூம் ஸ்னாப்ஷொட் ஷோ’ அடித்து முழுப் பட்டியலையும் போடுங்க. கொமாண்ட் பாதியில் மறந்தால் கேள்விக்குறியை அழுத்துங்க, அடுத்து என்ன வரலாம் என்று அதுவே காட்டும்.

கல்லடியிலிருந்து:
நன்றி நானா. அந்த வரியில் 340 வீதம் என்று இருக்கிறது, 100க்கு மேல் எப்படிப் போகும்? பட்டியலில் மணிக்கொரு தடவை எடுத்தது 6, நாளாந்தம் 2, வாராந்தம் 2. அதோடு ‘மாற்றத்துக்கு முன்’ என்ற பெயரில் போன வருடத்தது ஒன்று, ஸ்னாப்மிரர் என்று தொடங்குவது இரண்டு. அந்த ஸ்னாப்மிரர் வழியாகத்தான் கொழும்புக் கிளைக்கு ஒரு பிரதி போகிறது.

அக்கரைப்பற்றிலிருந்து:
ஸ்னாப்ஷொட்டுக்கென ஒதுக்கும் இடம் வழமையாக 5 வீதம், உங்களுக்குச் சுமார் 205 ஜிபி. அதன் 340 வீதம் கிட்டத்தட்ட 696 ஜிபி. மிச்சம் 491 ஜிபியும் வழிந்து பைல்களுக்கான இடத்தைத் தின்கிறது. 6, 2, 2 என்பவை டிபோல்ட் பொலிசி (தானாக எடுக்கும் ஒழுங்கு), பழையதை அதுவே கழித்துவிடும். ஆனால் கையால் எடுத்ததைப் பொலிசி தொடவே தொடாது, நீங்கள் அழிக்கும்வரை கிடக்கும். என் சந்தேகம் அந்த ‘மாற்றத்துக்கு முன்’ மேல்தான்.
ஸ்னாப்மிரர் இரண்டிலும் கை வைக்காதீங்க. இரண்டு பக்கத்துக்கும் பொதுவான ஸ்னாப்ஷொட் போய்விட்டால் கொழும்புப் பிரதியை முதலிலிருந்து அனுப்ப வேண்டி வரலாம், இங்கிருந்து போகும் லைனில் அத்தனை டிபியும் போய்ச்சேர எவ்வளவு நேரமாகும் என்று யோசித்துப் பாருங்க.
பட்டியலில் தெரியும் அளவைக் கூட்டிக் கணக்குப் பார்க்க வேண்டாம், பல ஸ்னாப்ஷொட் ஒரே பிளொக்கைப் பகிர்ந்திருக்கும். ‘வொல்யூம் ஸ்னாப்ஷொட் கொம்பியூட்-ரிக்லெய்மபிள்’ கொமாண்டுக்கு அந்தப் பழையதன் பெயரைக் கொடுங்க, அழித்தால் உண்மையில் எவ்வளவு கிடைக்கும் என்று சொல்லும்.

கல்முனையிலிருந்து:
இடையில் வருகிறேன். அழிக்க முன்னம் அதை எடுத்தவரைத் தேடிக் கேளுங்கள், கணக்காய்வுக்காக வைத்திருக்கவும் கூடும். அழித்துவிட்டால் மீட்க வழியில்லை, பேக்கப் டேப்பில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அப்புறம் இது பைல் ஷெயர் என்பதால்தான் இந்தக் கதை. லன் (சேர்வர் தன் டிஸ்க் போலப் பாவிக்கும் பகுதி) என்றால் சேர்வர் பக்கத்திலிருந்து அன்மெப் (அழித்த இடத்தை விடுவிக்கச் சொல்லும் கட்டளை) போகிறதா என்பதையும் பார்க்க வேண்டியிருக்கும்.

கல்லடியிலிருந்து:
எடுத்தவரோடு கதைத்தேன் அக்கா, தேவையில்லை என்று எழுத்தில் தந்தார். கொமாண்ட் 620 ஜிபி என்றது, அந்த ஒன்றை மட்டும் அழித்தேன். இடம் உடனே வரவில்லை, கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. இப்போது 85 வீதம். ஆனால் கூடியது 490 ஜிபி சொச்சம்தான், மிச்சம் எங்கே?

அக்கரைப்பற்றிலிருந்து:
எங்கேயும் போகவில்லை தம்பி. முதலில் வழிந்திருந்த 491 ஜிபிதான் பைல்களுக்குத் திரும்பும். மிச்சம் 130 ஜிபி அந்த 5 வீத ஒதுக்கீட்டுக்குள் விடுபட்டிருக்கிறது, பைல்களுக்கு அது கிடைக்காது. ‘.ஸ்னாப்ஷொட்’ வரி இப்போது 37 வீதமளவில் நிற்க வேண்டும், பாருங்க. இனிக் கையால் ஸ்னாப்ஷொட் எடுக்கும்போது ‘-கொமென்ட்’ போட்டு யார், எதற்கு, எதுவரை என்று எழுதிவிடுங்க.