வீதிப் படம் எடுக்க ஒரே ஒரு வெளிநாட்டு நகரம்: எதற்குப் போகலாம்?

பள்ளத்தூரான்:

வணக்கம். எனக்குப் பள்ளத்தூர், வேலை காரைக்குடியில். பத்து நாள் வெளிநாடு போய்வர வீட்டில் சம்மதம் கிடைத்திருக்கிறது. ஒரே ஊர், காலை முதல் இரவு வரை தெருவில் நின்று மனிதர்களைப் படம் எடுக்க வேண்டும். இணையத்தில் எந்தப் பட்டியலைத் திறந்தாலும் பாரிஸ், நியூயார்க், டோக்கியோ என்றுதான் தொடங்குகிறது. ஏன் என்று ஒருவரும் சொல்வதில்லை.

கானாடுகாத்தான், கடியாபட்டி, கொத்தமங்கலம் என்று சுற்றி எடுத்தவை வண்டி வண்டியாக இருக்கின்றன. எல்லாம் கதவு, தூண், சுவர். எங்கள் பக்கத்து வீதிகளை அறிந்தவர்களுக்குத் தெரியும்: வீட்டின் முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில், இடையில் நீளச் சுவர். வெயில் ஏறிவிட்டால் நடமாட்டமே இருக்காது. காரைக்குடிச் சந்தையிலும், தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கும் கூட்டம் குன்றக்குடியில் சேரும்போதும்தான் ஆட்களுக்கு நடுவே நின்று எடுக்க வாய்க்கிறது. கையில் இருப்பது 35 மி.மீ. லென்ஸ் ஒன்று. எந்த நகரம் சொல்வீர்கள்?

மழைக்குடை:

யோசிக்காமல் டோக்கியோ. சனி, ஞாயிறு பிற்பகலில் கின்சாவின் பெரிய சாலையில் வாகனங்களை நிறுத்திவிட்டு நடப்பவர்களுக்கு விட்டுவிடுகிறார்கள். ஜூன் மழையில் போனால் ஷிபுயா சந்திப்பு முழுவதும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குடைகள். குடைக்குள் முகமும் தெரியும். தாய்டோ மோரியாமா ஒரு சின்னக் கேமராவோடு ஷின்ஜுகுவையே சுற்றிச் சுற்றிப் பெயர் வாங்கியவர். கோல்டன் காய் சந்துகளில் பல இடங்களில் படம் எடுக்கக் கூடாது என்று பலகை இருக்கும், அங்கே மட்டும் கேமராவைப் பைக்குள் வைத்துவிடுங்கள்.

தேவகோட்டை ரஸ்தா:

தம்பி, நான் சரக்குக் கப்பலின் இன்ஜின் அறையில் காலம் தள்ளியவன். துறைமுகத்தில் இறங்க விட்டால் கிடைப்பது சில மணி நேரம். மற்றவர்கள் கடைக்கு ஓடுவார்கள், நான் கேமராவோடு நடப்பேன். அதனால் கோபுரமும் அருங்காட்சியகமும் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. ஓர் ஊரில் இறங்கினால் இரண்டைத்தான் பார்ப்பேன்: வெயில் எந்தச் சாய்வில் விழுகிறது, ஜனங்கள் எங்கே காத்து நிற்கிறார்கள்.

வெயிலைப் பட்டியல்காரர்கள் தொடுவதே இல்லை. நம் ஊர் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 10 பாகை வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் உச்சிவேளையில் சூரியன் நேராகத் தலைக்கு மேல் வந்துவிடுவான். கண்குழியில் கறுப்பு நிழல், மூக்கில் வெள்ளைத் திட்டு. முகம் என்று ஒன்று மிஞ்சாது. மார்கழி நண்பகலில்கூட 56 பாகை உயரத்தில் நிற்கிறான். இஸ்தான்புல் 41 பாகை வடக்கு. டிசம்பர் கடைசியில் அங்கே நண்பகல் சூரியனே 26 பாகையைத் தாண்டாது. நமக்குக் காலை எட்டு மணி வாக்கில் வந்து போய்விடும் அந்தப் பக்கவாட்டு வெளிச்சம், மேகம் விலகியிருந்தால், அங்கே பகல் முழுக்கக் கிடைக்கும். மேகமும் மழையும் நிறைய உண்டு. பரவாயில்லை, நனைந்த கல் தளத்தில் ஆள் வடிவம் இரட்டிப்பாகத் தெரியும்.

ஆகவே என் ஓட்டு இஸ்தான்புல்லுக்கு, அதுவும் குளிர்காலத்தில்.

காத்து நிற்கும் இடத்துக்கு வருகிறேன். கலாட்டா பாலத்தின் இரு ஓரமும் தூண்டில்காரர்கள் தோளோடு தோள் இடித்து நிற்பார்கள். காலையிலும் நிற்பார்கள், இருட்டிய பிறகும் நிற்பார்கள். அவர்களுடைய கவனம் தண்ணீரில். உன்னை யார் பார்க்கப்போகிறார்கள்? பாலத்தின் ஒரு முனையில் எமினோனு. அங்கிருந்து கடிகோய்க்குப் படகு ஏறு. ஏறுவது ஐரோப்பாவில், இறங்குவது ஆசியாவில். இருபது நிமிடம் ஆகும். தட்டில் குட்டிக் கண்ணாடிக் குவளைகளில் தேநீர் வரும். வெளித்தளத்தில் யாராவது ரொட்டியைப் பிய்த்து வீச, கடற்காகங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் பறந்து வரும். எதிர் பெஞ்சில் இருப்பவர் எழுந்து போக முடியாது, நீயும் போக முடியாது. முதல் ஐந்து நிமிடம் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு தேநீர் குடி. அதற்குள் உன்னை மறந்துவிடுவார்கள். கரைக்கு வந்ததும் அடுத்த படகில் திரும்பு. நம் ஊர்ச் சுவர்களையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது. அங்கே கேமராவைத் திருப்பும் பக்கமெல்லாம் ஆள் இருப்பான்.

போகும் முன் ஆரா கூலர் (1928-2018) அந்தத் துறைகளில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களைப் பார்த்துவிடு. பிறகு அவற்றை அப்படியே திருப்பி எடுக்காதே.

குளிர் ஒத்துக்கொள்ளாது என்றால் ஹாங்காங். 1904 முதல் ஓடும் டிராமில் மாடியின் முன் இருக்கையைப் பிடித்துக்கொள். ஷாம் ஷூய் போவில் அப்லியூ தெருவில் பழைய ரேடியோவும் கைக்கடிகாரமும் தரையில் பரப்பியிருப்பார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் நின்றவனுக்கு அங்கே அந்நியமாக இருக்காது. உயர்ந்த கட்டடங்களுக்கு இடையில் வெயில் பட்டை பட்டையாக இறங்கும். 1950களிலும் 60களிலும் ஃபான் ஹோ என்ற புகைப்படக்காரர் அதை வைத்தே விளையாடியிருக்கிறார்.

பாரிஸ்? மனைவியை அழைத்துக்கொண்டு போ, கேமராவை வீட்டில் வை. 1932இல் சான் லசார் ரயில் நிலையத்தின் பின்னால் ஒருவர் தேங்கிய நீரைத் தாண்டியதை கார்த்தியே-பிரெஸ்ஸோன் எடுத்தாலும் எடுத்தார், இன்றுவரை ஒரு குட்டை விடாமல் பக்கத்தில் ஒருவர் கேமராவோடு உட்கார்ந்திருக்கிறார்.

இரண்டாங்கட்டு:

ரஸ்தா அண்ணன் சொன்ன வெயில் கணக்கு சரி. ஆனால் அவர் மனிதர்களோடு பேசுவதைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. எனக்குப் பிறந்த ஊர் கண்டனூர், வாழ்க்கைப்பட்டது பினாங்கில். தம்பி ஜார்ஜ் டவுனுக்கு வர வேண்டும். இங்கே கடைவீடுகளின் முன்னால் ஐந்தடி அகல நடைபாதை கூரையோடு தொடர்ந்து போகும். நண்பகலில் வெளியே கண் கூசும்போது உள்ளே நிதானமான வெளிச்சம் இருக்கும். நாற்காலி போட்டு நாளிதழ் படிப்பவர், தையல் இயந்திரம், பூ கட்டுபவர் எல்லாம் அங்கேதான். பாதி இடங்களில் தமிழிலேயே பேசலாம். பேசிவிட்டு எடுத்த முகமும் திருடி எடுத்த முகமும் ஒன்றாகாது. தைப்பூசத்தில் பினாங்குத் தெருக் கோவில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் கிளம்பி, தண்ணீர்மலைப் பக்கம் நகரத்தார் கோவிலுக்குப் போகும். திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேர் விமானம் உண்டு, செலவும் குறைவு.

இன்னொன்று. காவடி எடுப்பவரின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் லென்ஸை நீட்டும் ஆட்களை இங்கே ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன், எரிச்சலாக வருகிறது. எந்த ஊரானாலும் எடுப்பது வேறு, வெளியிடுவது வேறு. பிரான்ஸில் தெருவில் எடுப்பதற்குத் தடை இல்லை; ஆனால் அடையாளம் தெரியும் ஒருவருடைய படத்தை அவர் விரும்பாமல் வெளியிட்டால் வழக்கு வரலாம்.

தேவகோட்டை ரஸ்தா:

ஆச்சி சொல்வது நியாயம்தான். ஆனால் ஜார்ஜ் டவுன் முழுக்கக் கதவு, ஜன்னல், பூக்கல் தரை. 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஊர். நம் பிள்ளை அங்கே போனால் பத்து நாளும் கதவைத்தான் எடுப்பான். கானாடுகாத்தானில் எடுப்பதற்கு டிக்கெட் வேண்டாமே.

பள்ளத்தூரான்:

கதவு விஷயத்தில் ஐயா என்னைச் சரியாகக் கணித்துவிட்டார். இஸ்தான்புல், ஜனவரி. தைப்பூசத்துக்கு ஜார்ஜ் டவுன் வேறொரு வருடம் வருகிறேன் ஆச்சி, அப்போது பேசிப் பழகிய பிறகே எடுப்பேன். ஒரு சந்தேகம்: ஆடும் படகில், மங்கிய வெளிச்சத்தில், என் கேமராவின் தானியங்கி ஃபோகஸ் தடுமாறும். என்ன செய்யலாம்?

தேவகோட்டை ரஸ்தா:

அதை அணைத்துவிடு. உன் கேமரா முழுச்சட்டக அளவு என்றால், 35 மி.மீ. லென்ஸில் ஒளி நுழையும் துளையை எஃப் 8இல் வைத்து, ஃபோகஸ் தூரத்தை 3 மீட்டரில் நிறுத்து. சுமார் 2 மீட்டரிலிருந்து 7 மீட்டர் வரை எல்லாம் தெளிவாக விழும். எதிர் பெஞ்சு அதற்குள் வந்துவிடும். வெளிச்சம் போதாவிட்டால் ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளியுணர்வை, 3200 வரை தயங்காமல் ஏற்று. அசைந்த படத்தைவிடப் புள்ளி தெரியும் படம் மேல்.

படகு கரையை அணையும்போது வடம் வீசுகிறவன் பக்கத்தில் மட்டும் நிற்காதே. இழுபடும் வடம் காலை வாரிவிடும், அறுந்தால் ஆளையே அடித்துப்போடும். அவனை எடுக்க ஆசையாக இருந்தால் மேல்தளத்துக்கு ஏறி, கீழே பார்த்து எடு.